பழைய வூஸ்டர் ஜாடிகளின் நீலப் பின்னணியில் மீன் செதில் போலத் தெரிகிறதே, அது எப்படி வந்தது? அசலை எப்படி அடையாளம் காண்பது?

அது அச்சு இல்லை, ஒவ்வொரு செதிலும் தூரிகையால் வரைந்தது. இங்கிலாந்தின் வூஸ்டர் பீங்கான் ஆலை 1751-ல் தொடங்கியது. இந்தச் செதில் நீலம் அங்கே 1760-களில் பேர்போனது. மெருகு, அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, பூசுவதற்கு முன்பே, வெளிறிய நீலத்தின் மேல் கரும் நீலத்தில் கோபால்ட் சாயத்தால் செதில்களைப் போடுவார்கள். பூசும்போது சாயம் கறுப்பாகத்தான் இருக்கும். மெருகோடு சூளையில் வெந்த பிறகே நீலம் எழும்பும். கை நடுங்கினால் அழித்து எழுத வழியில்லை.

நடுவில் வெள்ளையாக விட்ட கட்டங்களில் பறவையோ பூவோ வரும். அவை மெருகுக்கு மேல் எனாமலில் தீட்டியவை. அந்தப் பறவைகளை எந்தக் காட்டிலும் பார்க்க முடியாது, அத்தனையும் கற்பனை! கட்டத்தின் ஓரத்தில் தங்கத் தாளைத் தேனில் அரைத்துப் பூசிச் சுட்டிருப்பார்கள். அந்தத் தங்கம் கண்ணைப் பறிக்காது. சற்றுத் தடித்து, மங்கலாக மின்னும்.

சரி, அசல் எது? அடியில் உள்ள சதுர முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். பாரிஸில் சாம்சன் நிறுவனம் முத்திரையோடு சேர்த்தே நகல் செய்தது. ஜாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வூஸ்டர் மண்ணில் மாக்கல் கலந்திருப்பதால் பெரும்பாலும் லேசான பச்சை தெரியும். சாம்சனுடையது கெட்டிப் பீங்கான், சாம்பல் சாயலடிக்கும்.