இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. செவ்வாய்பேட்டையில் நாற்பது வருடம் கொலுசு வேலை செய்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பத்து நாள் முன்பு பாதி மூட்டு மாற்றி வைத்தார்கள். ஆறு வாரமாவது நல்ல பயிற்சி வேண்டும் என்கிறார் டாக்டர். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், தம்பி பெங்களூரில். தங்கிப் பயிற்சி எடுக்கும் மறுவாழ்வு மையங்கள் இரண்டு பார்த்தோம். ஒன்று ஏற்காட்டில், தோட்டமும் வசதியுமாக இருக்கிறது. இன்னொன்று சேலத்திலேயே சூரமங்கலம் பக்கம், பழைய வீடு மாதிரி. தம்பிக்கு ஏற்காடு பிடித்துவிட்டது. மாமியார் வீட்டிலோ, ‘பெத்த தாயை விடுதியில தள்ளுறா’ என்று பேச்சு. எதை வைத்து முடிவு செய்வது?
– ஒரு வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: பேச்சை முதலில் முடித்துவிடுவோம். தள்ளிவிடுவது வேறு, காலை ஊன்ற வைத்து வீட்டுக்குக் கூட்டி வருவது வேறு. நீங்கள் செய்யப்போவது இரண்டாவது. அதனால் எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் இதைக் கேளுங்கள்: ‘அம்மா எப்போது வீடு திரும்புவார், அதற்குள் அவரால் என்னென்ன தானாகச் செய்ய முடிய வேண்டும்?’ இதற்கு மாதக் கட்டணத்தைப் பதிலாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்காடு வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்க்கும் அழகு உங்கள் தம்பிக்கு. அம்மா பார்க்கப்போவது விட்டத்தையும் வாக்கரையும்தான். ராத்திரி காய்ச்சல் அடித்தாலோ கெண்டைக்கால் வீங்கினாலோ, பனிமூட்டத்தில் சேலத்துக்கு இறக்கிக் கொண்டு வர வேண்டும். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, அதில் நேரம் முக்கியம். அதோடு, மலைக்கு நீங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் போவீர்கள். சூரமங்கலம் என்றால் வேலை முடிந்து வரும் வழியில் சொல்லாமல் எட்டிப் பார்க்கலாம். உறவினர் சொல்லாமல் வருவார் என்று தெரிந்த இடத்தில் கவனிப்பே வேறு மாதிரி இருக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அம்மாவை ஒரு மையத்தில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். போகும்போது ஒரு ஆள் கைபிடித்தால் பாத்ரூம் வரை நடந்துவிடுவார். நான்காம் நாளே டயப்பர் போட்டுவிட்டார்கள். ‘சேஃப்டிக்குத்தாங்க’ என்றார்கள். யாருடைய சேஃப்டி? ராத்திரி எழுந்து வர ஆள் இல்லை, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு புடவை மாற்றும்போது வால் எலும்புப் பக்கம் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினேன். அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும், வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண் அப்படித்தான் ஆரம்பிக்கும். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்ததாக வரிசையாக டிக். இரவு பத்து மணி வரை டிக் இருந்தது. அப்போது மணி சாயங்காலம் நாலு.

அதனால் இரவு ஒன்பது மணிக்குச் சூரமங்கலத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் நர்சிங் படித்தவர் உண்டா, அல்லது அட்டெண்டர் மட்டுமா என்று கேளுங்கள். யாராவது பெல் அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது என்று நின்று பாருங்கள். நடக்க முடிகிறவருக்கும் டயப்பர் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எனக்கு இது ஒன்று போதும், அந்த இடத்தை எடைபோட.

பகலில் ஒரு முறை போய், பிசியோ நடக்கும்போது கூட இருங்கள். ‘தினமும் பிசியோ’ என்று போட்டிருப்பார்கள். சில இடங்களில் அது பத்து நிமிடம் காலைத் தூக்கி இறக்கிவிட்டுக் கிளம்புவதுதான். நல்ல பிசியோ வீட்டைப் பற்றி விசாரிப்பார்: எத்தனை படி, எந்த மாதிரி டாய்லெட், கட்டில் எவ்வளவு உயரம். உங்கள் அம்மா நாற்பது வருடம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகியவர். கொஞ்சம் நடக்க வந்ததும் தன்னையறியாமல் கீழே உட்காரப் பார்ப்பார். சம்மணமும் குத்துக்காலும் எப்போது, அல்லது இனிமேலே கூடாதா என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் எழுதி வாங்கி மையத்தில் கொடுங்கள். அதை அவர்கள் படித்துப் பார்க்கிறார்களா, ஃபைலில் செருகுகிறார்களா என்றும் கவனியுங்கள்.

சாப்பாடு ஒருநாள் வாங்கிச் சாப்பிட்டாலே தெரிந்துவிடும். முட்டை, பருப்பு குறையக் கூடாது.

பணம்: பிசியோ, டயப்பர், கையுறை எல்லாம் கட்டணத்தில் அடக்கமா, தனியா? பாதியில் கிளம்பினால் முன்பணம் திரும்புமா? எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மருத்துவக் காப்பீடுகளில் ஓய்வுக்கும் மறுவாழ்வுக்குமான தங்கலை விலக்குப் பட்டியலில் வைத்திருப்பது வழக்கம், பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் 1997ஆம் வருடத்து மாநிலச் சட்டப்படி பதிவுச் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். சான்று இருந்தால் மட்டும் கவனிப்பு நன்றாக இருக்கும் என்றில்லை. ஆனால் கேட்டதும் முகம் மாறினால் யோசிக்க வேண்டும்.

ஆறு வாரம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பயிற்சி நிற்கக் கூடாது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்ட் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். அப்புறம் அந்தக் குளியலறையில் கைப்பிடி வைத்துவிடுங்கள், அம்மா திரும்பி வருவதற்குள்.

ஒன்று உறுத்துகிறது. தம்பிக்கு எது பிடித்தது, மாமியார் வீட்டில் என்ன பேச்சு என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. சேர்ப்பதற்கு முன் வீல்சேரிலாவது கூட்டிப் போய்க் காட்டுங்கள். அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்க்கட்டும். பெல் கைக்கு எட்டுகிறதா இல்லையா என்று அவரே சொல்வார்.