ஓடி நின்ற வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லையா? கேள்வி பதில்

காலையில் ஒரே திருப்பில் எடுக்கிற வண்டி, விக்கிரவாண்டியில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் எடுக்க மாட்டேன் என்கிறது. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். பல வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்துகிறேன். இந்தப் பழுதில் பெரிய சங்கடம், வண்டி பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் சூடு ஆறி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிடுவது. பழுது கண்ணில் படாததால் ஊகத்தில் பொருள் மாற்றுகிறார்கள், பணம் உங்களுடையது. அதனால் வண்டி முரண்டு பிடிக்கும் அந்தப் பத்து இருபது நிமிடத்தில் நீங்கள் எதைக் கவனித்தீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

கேள்வி (ஈரோடு): சார், 60 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால், அப்புறம் சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றவில்லை. அரை மணி கழித்து எடுக்கிறது. புது பேட்டரி போட்டும் அதேதான்.

பதில்: பேட்டரி பலவீனமாக இருந்தால் பெரும்பாலும் காலைக் குளிரில்தான் முதலில் தகராறு செய்யும். சூட்டில் மட்டும் என்றால் செல்ஃப் பக்கம் பாருங்கள். பல வண்டிகளில் அது சைலன்சர் குழாய்க்கு அருகிலேயே இருக்கிறது. அதன் சோலனாய்டு, கரண்ட் வந்ததும் காந்தமாகி செல்ஃபை என்ஜினோடு இணைக்கும் சுவிட்ச். அதற்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடானால் செம்பின் மின்தடை கால் பங்குக்கு மேல் ஏறும், கரண்ட் குறைந்து அதன் இழுவை பலமும் குறையும். சாவி சுவிட்சிலும் ரிலேயிலும் (சோலனாய்டுக்குக் கரண்ட்டை விடும் சின்ன மின் சுவிட்ச்) கொஞ்சம் வோல்ட் விரயமானால் போதும், சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வண்டியில் வைத்திருங்கள். வண்டி மறுக்கும்போதே, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் சாவியைத் திருப்பட்டும், மற்றவர் அளக்கட்டும். பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி சரியில்லை, அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கிறது. பேட்டரியில் 12 வோல்ட் நிற்கிறது, சோலனாய்டின் சின்ன வயரில் 10-ஐத் தொடவில்லை என்றால் சுவிட்ச், ரிலே, வயரிங்கில்தான் குறை. பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் அரித்திருக்கிறது. இத்தனையும் சரியாக இருந்தால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும். அப்போதும் கார்பன் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பிரஷ்), புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்), சோலனாய்டு என்று தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் புது செல்ஃப் வேண்டாம்.

கேள்வி (திண்டுக்கல்): அண்ணா, எனக்கு செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. பெட்ரோல் வண்டி. 20 நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுக்கிறது.

பதில்: தம்பி, என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். என்ஜின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அது பேசாவிட்டால் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் வராது. உள்ளே கம்பியிலோ மின்னணுப் பகுதியிலோ விரிசல் இருந்தால் சூட்டில் விலகி, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கொஞ்சம்கூட அசையாவிட்டால் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும். சில வண்டிகளில் அந்த முள் எப்போதுமே அசையாது, அதனால் வண்டி நன்றாக இருக்கும் ஒரு நாளில் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது: செல்ஃப் சுற்றும்போதும் ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டினால் சென்சார் அல்லது அதன் வயர்.

முள் அசைகிறது என்றால், சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் ஓரிரு நொடி பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். வாடகை வண்டிக்காரர் ஒருவர் பம்ப், காயில், பிளக் மூன்றையும் வெளியில் மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். கடைசியில் பார்த்தால் சென்சார். மனசு கஷ்டமாகிவிட்டது.

கேள்வி (மதுரை): பெட்ரோல் போட்ட பிறகு மட்டும்தான் இந்தத் தொல்லை, பங்கை விட்டு வண்டியை நகர்த்தவே முடியவில்லை.

பதில்: டேங்க் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறது. பெட்ரோல் நிரப்பும்போது எழும் ஆவி உள்ளே போய் என்ஜினைத் திணறடிக்கிறது. அப்போதைக்கு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள், பல வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். வால்வைக் கழற்றி, கரண்ட் கொடுக்காமல் ஊதிப் பாருங்கள். காற்று போனால் வால்வு போச்சு. ஆட்டோ கட் ஆன பிறகு மேலே மேலே நிரப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி (நாமக்கல்): ஐயா, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி நிறுத்தினோம். அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை. டெம்பரேச்சர் முள் சிவப்பில் இருந்தது. கணவர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார், தடுத்துவிட்டேன். சரிதானே?

பதில்: ரொம்பச் சரி அம்மா. மூடிக்குள் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறட்டும், ஒரு மணி நேரமானாலும் பரவாயில்லை. அதுவரை செல்ஃப் அடிக்கவே கூடாது. ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல் பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்பு) போய் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

கேள்வி (காரைக்குடி): அப்பாவின் பழைய கார்புரேட்டர் வண்டி. வெயிலில் பத்து நிமிடம் நிறுத்தினால் அடம் பிடிக்கிறது. ஈரத்துணி போடச் சொல்கிறார் அப்பா.

பதில்: அப்பா சொல்வது அனுபவம். என்ஜினை நிறுத்தியதும் ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால் பானெட்டுக்குள் சூடு முதலில் ஏறத்தான் செய்யும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி சுற்றிலேயே ஆவியாகத் தொடங்கும், பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, பானெட்டைத் திறந்து வையுங்கள். சைலன்சர் மேல் மட்டும் தண்ணீர் படக்கூடாது.

கேள்வி (தஞ்சாவூர்): டீசல் வண்டி, காமன் ரெயில். சூட்டில் ரொம்ப நேரம் அடித்தால்தான் எடுக்கிறது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: பொறுங்கள். ஸ்டார்ட் ஆக ரெயிலில் (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான குழாய்) சுமார் 200 பார் அழுத்தம் சேர வேண்டும். சூட்டில் டீசல் நீர்த்துப்போகும், தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக ரிட்டர்னுக்கு (டேங்குக்குத் திரும்பும் குழாய்) கசிந்துவிடும். நான்கு ரிட்டர்ன் குழாயிலும் ஆளுக்கொரு பாட்டிலை மாட்டி, சூடான என்ஜினில் அளக்கச் சொல்லுங்கள். எந்த பாட்டில் மற்றதைவிட வேகமாக நிறைகிறதோ, அந்த இன்ஜெக்டரை மட்டும் கழற்றினால் போதும். நான்கும் ஒரே அளவில் குறைவாகவே நிறைந்தால் ஹை பிரஷர் பம்பைப் பாருங்கள்.