மூச்சுத் திணறலே இல்லை. நுரையீரல் ரத்தக் குழாயை அடைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 34. வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலில் ஒரு தமனியும் சிரையும் நேரடியாக இணைந்திருப்பது தெரிந்தது. தமனி 4 மி.மீ. அகலமாம். ‘காயில்’ எனும் மெல்லிய உலோகச் சுருளை வைத்து அடைக்கலாம் என்கிறார் மருத்துவர். மூச்சுத் திணறல் எதுவும் இல்லை. சிறு வயதிலிருந்தே அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும், அவ்வளவுதான். சிகிச்சை அவசியமா?

பதில்: அவசியம். தள்ளிப்போடாதீர்கள்.

நுரையீரல் மூச்சுக்கு மட்டுமல்ல, ரத்தத்துக்கு வடிகட்டியும்கூட. சின்னஞ்சிறு ரத்தக் கட்டிகளையும், ஈறு வழியாக ரத்தத்தில் நுழையும் கிருமிகளையும் தந்துகிகள் எனப்படும், முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் அங்கே பிடித்து வைத்துக்கொள்ளும். உங்களுக்கு அந்த ஓரிடத்தில் தந்துகியே இல்லை. தமனியில் வரும் கட்டி நேராகச் சிரைக்குள் புகுந்து, இதயத்தின் இடப்பக்கம் வழியாக மூளைக்குப் போய்விடலாம். மூச்சில் எந்தக் குறையும் இல்லாதவருக்குப் பக்கவாதமோ மூளையில் சீழ்க்கட்டியோ திடீரென வருவது இப்படித்தான். அதனால்தான் தமனி 2-3 மி.மீ. இருந்தாலே அடைக்கச் சொல்கிறோம்.

நெஞ்சைத் திறக்க மாட்டார்கள். தொடை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை நுரையீரல் தமனி வரை கொண்டுபோவார்கள். சாயம் செலுத்தியதும், தமனியும் சிரையும் இணையும் இடத்தில் உள்ள புடைத்த பை திரையில் தெரியும். ரத்தம் அந்தப் பைக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால், தமனியிலேயே காயிலோ பிளக்கோ (சிறு அடைப்பான்) வைத்து அடைத்துவிடுவார்கள். பிறகு சில நாள் மூச்சை இழுக்கும்போது சிலருக்கு நெஞ்சு குத்தும், தானாக அடங்கிவிடும். அடைத்த குழாய் மறுபடி திறக்கலாம் என்பதால் 6 முதல் 12 மாதத்துக்குள் ஒரு சி.டி., பின்னர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை.

மூக்கில் ரத்தம் வருவதை 'அவ்வளவுதான்' என்று விட்டுவிடாதீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். கண்ணாடியில் உதட்டையும் நாக்கையும் பாருங்கள், விரல் நுனிகளையும் பாருங்கள். அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்கும் புள்ளிகள் இருந்தால், ரத்தக் குழாய்கள் இப்படித் தவறாக இணையும் எச்.எச்.டி. என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். உங்களுக்கு இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் குறைவும் பக்கவாத அபாயத்தைக் கூட்டும். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே அடைத்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் இந்தக் குழாய் பெரிதாகி, வெடித்து ரத்தம் கசியக்கூடும்.

ஆழ்கடல் டைவிங் வேண்டாம். டிரிப்ஸ் போடும்போது காற்றுக் குமிழி போகாதபடி பார்க்கச் சொல்லுங்கள். பல் பிடுங்கவோ ஈறு சுத்தம் செய்யவோ போனால், 'நுரையீரலில் இப்படியோர் இணைப்பு இருக்கிறது, முன்னதாக ஆன்டிபயாடிக் வேண்டும்' என்று நீங்களே சொல்லுங்கள், அடைத்த பிறகும்கூட.