டிராம் கம்பெனிப் பங்குக்குக் கோடி ரூபாய் வருமா?

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 'மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட்' என்று போட்ட ஒரு பங்குப் பத்திரம் கிடைத்தது. 1926இல் அவர் பெயரில் 50 பங்குகள். பதிவு அலுவலகம் லண்டன் என்று அச்சாகியிருக்கிறது. தெரிந்தவர் மூலம் வந்த ஏஜென்ட் ஒருவர், "டிராம் ஓடிய இடத்தில்தான் இப்போது மெட்ரோ ஓடுகிறது. நிலத்துக்கான பணம் அரசிடம் கிடக்கிறது. வட்டியோடு கோடிக்கணக்கில் வரும்" என்கிறார். அசல் பத்திரத்தையும் 35,000 ரூபாய் அட்வான்ஸையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணத்தையும் சரி, அசலையும் சரி. வெற்றுத்தாளில் கையெழுத்து, ஆதார் நகல், போனில் வரும் ஓடிபி, இவற்றில் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். இந்த மாதிரி ஆட்களுக்கு உங்கள் பத்திரத்தைவிட உங்கள் கையெழுத்துதான் பெரிய சொத்து.

அவர் சொன்ன கதையில் டிராம் ஓடியது நிஜம். அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ போவதும் நிஜம். இரண்டுக்கும் நடுவில் ஒட்டுப்போட்டதுதான் பொய். அந்தக் காலத்தில் மவுண்ட் ரோடு என்ற அந்தச் சாலை ஒருநாளும் டிராம் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்ததில்லை. சாலையில் தண்டவாளம் பதித்து வண்டி ஓட்டிக்கொள்ளும் உரிமை மட்டுமே அதற்கு இருந்தது. ஓட்டம் நின்றதும் அந்த உரிமையும் போய்விட்டது. கம்பெனிக்குச் சொந்தமாக ஷெட்டுகள் இருந்தன, உண்மைதான். அவை அப்போதே கை மாறிவிட்டன. வேப்பேரியில் பெரியார் திடல் இருப்பது பழைய டிராம் ஷெட் இருந்த இடத்தில்தான். அதற்கெல்லாம் இன்று யாரும் உங்களுக்கு நஷ்ட ஈடு தரப்போவதில்லை.

கம்பெனியின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே மாதம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் அப்போது குதிரைதான் டிராமை இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் மின்சாரம் மேலே கம்பியில் வரவில்லை, தண்டவாளத்துக்கு நடுவே தரைக்கடியில் ஒரு கால்வாய் மாதிரி அமைத்து அதில் கொடுத்தார்கள். மெட்ராஸ் மழைக்கு இது எப்படித் தாங்கும்? தண்ணீர் புகுந்து தொல்லை கொடுத்தது, பிறகு மேல்கம்பிக்கு மாற்றினார்கள். ஆரம்பித்த கம்பெனி சில வருடங்களிலேயே நொடித்துப்போய் இன்னொரு கம்பெனியின் கைக்குப் போனது. அதனிடமிருந்து 1904இல் வாங்கியதுதான் உங்கள் பத்திரத்தில் இருக்கும் கம்பெனி. பெயரில் அடைப்புக்குறிக்குள் வருடம் இருப்பதற்குக் காரணம் இதுதான். அதாவது உங்கள் தாத்தா பங்கு வாங்கியது, ஏற்கெனவே இரண்டு கை மாறிய தொழிலில்.

நல்ல காலமும் இருந்தது. 1921 வாக்கில் 97 வண்டிகள், ஏறக்குறைய 24 கிலோமீட்டர் தடம். அப்புறம் பஸ் வந்தது. 1947இல் அரசே நகரத்தில் பஸ் விட ஆரம்பித்தது. தண்டவாளத்தை விட்டு நகர முடியாத டிராம் அதனோடு போட்டி போட முடியவில்லை. 1950 வாக்கில் கம்பெனி திவால் நிலைக்கு வந்தது. அரசு எடுத்து நடத்த முன்வரவில்லை. 1953 ஏப்ரல் 12ஆம் தேதியோடு மெட்ராஸில் டிராம் நின்றது.

அரசு எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். 'அரசிடம் பணம் கிடக்கிறது' என்ற பேச்சு அங்கேயே விழுந்துவிடுகிறது. நொடித்துப்போன கம்பெனியில் மிச்சம் இருப்பதை முதலில் கடன் கொடுத்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பங்குதாரர் வரிசையின் கடைசியில் நிற்பவர். அதிலும் இது இங்கிலாந்துச் சட்டப்படி நடந்த கம்பெனி. அங்கே கலைக்கப்பட்ட கம்பெனியின் பெயரில் கேட்பாரற்று ஏதாவது கிடந்தால் அது அந்த நாட்டு அரசுக்குப் போய்விடும். கேட்பாரற்ற டிவிடெண்டும் பங்கும் போய்ச் சேரும் நம்மூர் ஐ.இ.பி.எஃப். நிதிக்கும் (முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதி) இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஏஜென்ட் அந்தப் பெயரைச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதே பெட்டியை இன்னொரு முறை கொட்டிப் பாருங்கள். அந்தக் காலத்தில் பங்கு வாங்கிப் பழகியவர்கள் ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள். இன்றும் உயிரோடு இருக்கும் இந்தியக் கம்பெனியின் பத்திரம் கிடைத்தால் அது வேறு விஷயம். பெயர் மாறியிருக்கலாம், ஏமாந்துவிடாதீர்கள். 'இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா' என்பது இன்றைய ஐ.டி.சி. 'டாடா அயர்ன் அண்டு ஸ்டீல்' என்பது இன்றைய டாடா ஸ்டீல். இப்படிப்பட்ட கம்பெனிகளில் தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்டை யாரும் வாங்காமல் விட்டால், பங்குகள் ஐ.இ.பி.எஃப்.புக்கு மாற்றப்படும். வாரிசு கேட்டால் திரும்பக் கிடைக்கும். முதலில் அந்தக் கம்பெனிக்கோ அதன் பங்குப் பதிவாளருக்கோ பத்திரத்தில் இருக்கும் ஃபோலியோ எண்ணை, அதாவது பங்குதாரர் கணக்கு எண்ணை, குறிப்பிட்டு எழுதுங்கள். அவர்கள் உரிமைக் கடிதம் கொடுத்த பிறகு ஐ.இ.பி.எஃப்.-5 படிவத்தை இணையத்தில் போடலாம். இதற்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கும் வாரிசுரிமைச் சான்றும் தேவைப்படும்.

எளிதாக முடியுமா என்று கேட்டால், முடியாது. இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால் என்றால் ஒரு அஃபிடவிட். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் இன்னொன்று. இறந்து நாற்பது வருடம் ஆனவரின் கையெழுத்து எப்படி ஒத்துப்போகும் என்று எந்த அலுவலகமும் யோசிப்பதில்லை. எல்லாத் தாளையும் அனுப்பினால் மூன்று மாதம் கழித்து 'குறைபாடு உள்ளது' என்று ஒற்றை வரி வரும், என்ன குறை என்று இருக்காது. மக்களை இப்படி இழுத்தடித்தால் ஏஜென்ட் பிழைக்காமல் என்ன செய்வான்? இருந்தாலும் நீங்களே செய்யுங்கள். முடியாவிட்டால் சான்றிதழ் பெற்ற கம்பெனிச் செயலரையோ ஆடிட்டரையோ வைத்து, கட்டணத்தை எழுத்தில் பேசி முடியுங்கள். வரும் பங்குகளில் சதவீதம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

டிராம் பத்திரத்துக்குப் பழைய காகிதம் சேர்ப்பவர்களிடம் ஓரளவு விலை உண்டு, அவ்வளவுதான். யாருக்குக் காட்டினாலும் போட்டோவாகக் காட்டுங்கள். லாமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், சேர்ப்பவர்கள் அதைத் தொடக்கூட மாட்டார்கள்.