புளூபெர்ரி இலை ஏன் மஞ்சளாகிறது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தொட்டியில் மூன்று புளூபெர்ரி செடிகள் வைத்து ஒரு வருடமாகிறது. மாதந்தோறும் தொழுவுரமும் அடுப்புச் சாம்பலும் போட்டு, போர் தண்ணீர் ஊற்றுகிறேன். தளிர்கள் மஞ்சளாகின்றன. உரம் போதவில்லையா?"

உரத்தை இன்றே நிறுத்துங்கள் அம்மா. ஓர் இளம் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பட்ட இடம் வெளிறிக் கிடந்தால் அது இரும்புக் குறைபாடு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். மண்ணில் காரம் ஏறியதால் வேரால் எடுக்க முடிவதில்லை. புளூபெர்ரிக்கு மண்ணின் பி.எச். (அமில-கார அளவு; எண் குறைந்தால் அமிலம், ஏறினால் காரம்) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். சாம்பல் அதை ஏற்றிவிடும். சுண்ணாம்பு கலந்த போர் தண்ணீரும் அப்படித்தான்.

உங்களைப் போலவே எருவிட்டு, நல்ல தோட்ட மண்ணில் நட்டுத் தோற்றவர்கள் அமெரிக்காவில் ஏராளம். காரணத்தைச் சோதித்துச் சொன்னவர் அந்நாட்டு வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கொவில். அமில மண்தான் இதற்கு உயிர் என்று 1910-ல் எழுதினார். அதைப் படித்த நியூஜெர்சி கிரான்பெர்ரி தோட்டத்துப் பெண் எலிசபெத் ஒயிட் அவரோடு கைகோத்தார். பெரிய பழம் காய்க்கும் காட்டுப் புதரைக் காட்டுபவர்களுக்குப் பணம் கொடுத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதர்தான் 'ரூபெல்' ரகம். 1916-ல் பயிரிட்ட பழம் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது: காட்டுப்பழம் ஆறே வருடத்தில் தோட்டப் பயிரானது!

உங்கள் வீட்டுப் பக்கத்துத் தேயிலை மண்ணே இதற்கு ஏற்றது. இதே பேரினத்து மரம் நீலகிரிச் சோலைகளிலேயே வளர்கிறது. தேயிலை மண்ணோடு, கழுவிய தென்னைநார்க் கழிவைக் கலந்து தொட்டியை மாற்றுங்கள். புளூபெர்ரி வேரில் வேர்த்தூவிகள் கிடையாது; மயிரிழை போன்ற அந்த வேர்கள் மேல்மண்ணிலேயே படரும். அதனால் கொத்திவிடாதீர்கள், காயவும் விடாதீர்கள். மேலே பைன் ஊசியிலை பரப்பி, மழைநீர் ஊற்றுங்கள். துளிர்த்த பிறகு அம்மோனியம் சல்பேட் சிட்டிகை சிட்டிகையாகப் போதும். அவசரத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளிக்கலாம். அது தற்காலிக நிவாரணம்தான்.

ரகத்தின் பெயரையும் நர்சரியில் கேளுங்கள். வட அமெரிக்கக் குளிர்நாட்டு ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரமாவது குளிர் வேண்டும். நம் மலையில் அவ்வளவு சேராது. புளோரிடா பல்கலைக்கழகம், அங்கேயே காட்டில் வளரும் பசுமைமாறாப் புளூபெர்ரியோடு கலப்பினம் செய்து, குளிர் குறைவாகக் கேட்கும் ரகங்களை உருவாக்கியது. 1976-ல் வந்த 'ஷார்ப்புளூ' அவற்றில் ஒன்று. அந்த வகையில் இரண்டு ரகங்களை அருகருகே வைத்தால் காய் பெருக்கும். இந்த வருடம் மட்டும், பூ வந்தால் மனதைக் கல்லாக்கிக் கிள்ளிவிடுங்கள். முதலில் வேர் பிடிக்கட்டும்.