வாசகர் கேள்வி: வயிற்றுப்புண்ணுக்கு மலைதான் காரணமா?

கேள்வி: நாங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் குடியிருக்கிறோம். எங்கள் வரிசையில் பலர் அல்சருக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். குளிரும் கடுந்தேநீரும்தான் காரணம் என்கிறார்கள். மலைவாசிகளுக்கு இந்நோய் இயல்பிலேயே அதிகமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: வெறும் வயிற்றில் குடிக்கும் கடுந்தேநீர் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் தேநீரோ குளிரோ புண்ணை உண்டாக்குவதில்லை. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி, அல்லது வலி மாத்திரைகள். 1982இல் இக்கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டிலுள்ளவர்களிடமிருந்தே தொற்றுகிறது. ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுப்பதும், தூய குடிநீரும் கழிப்பறையும் இல்லாததும் அதற்கு வழி திறந்துவிடுகின்றன. தொற்றியவர்களில் பலருக்குத் தொல்லையே தெரியாது; சிலருக்குப் புண்ணாகிறது, மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோயாக முற்றுகிறது. ஜப்பானில் போருக்கு முன் பிறந்த தலைமுறையில் மிகப் பரவலாக இருந்த இத்தொற்று, குடிநீரும் சுகாதாரமும் சீர்பட்ட காலத்தில் பிறந்தவர்களிடம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நிலமும் தட்பவெப்பமும் மாறவில்லை. வாழும் நிலைதான் மாறியது. ஆகவே உங்கள் வரிசையில் நோய் மிகுந்திருந்தால், மலையின் உயரத்தை விட்டுவிட்டு, அந்த வீடுகளில் எத்தனை பேர் படுக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே முதலில் கேட்க வேண்டும்.

மலைக்கும் ஒரு பங்கு உண்டு, அது வேறு விதமானது. நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்து பறித்து மூட்டும் இடுப்பும் வலிக்கும்போது, ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போகும் என்பதால், கடையிலேயே டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள். அதுவே நாளடைவில் வயிற்றைப் புண்ணாக்குகிறது. இதைத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. குடிநீரையும் கழிப்பறையையும் நிர்வாகத்தின் கடமையென 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. அவற்றைக் கேட்டுப் பெறுவதும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மட்டும் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டாம். மலப் பரிசோதனை அல்லது மூச்சுப் பரிசோதனை மூலம் இக்கிருமி உள்ளதா என்று பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இருந்தால், பெரும்பாலும் 14 நாட்களுக்குத் தரப்படும் கூட்டு மருந்தை, வலி நின்ற பிறகும் விடாமல் முடிக்க வேண்டும். மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

கேள்வி: உதகையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுமாமே, கிருமி சாகுமா?
— ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: சாகும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியில் கொதிக்கும். நோய்க்கிருமிகளுக்கு அந்தச் சூடு போதும். கொப்பளிக்கத் தொடங்கியபின் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து, குடத்துக்குள் கைபட டம்ளரை விட்டு மொள்ளாமல் சாய்த்து ஊற்றிக் குடியுங்கள்.