டீச்சரைக் கேளுங்கள்: வகுப்பில் பேசாத பிள்ளைகள்

(மன்னார்குடிப் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் பாட்டியிடம் ஓயாமல் பேசுவான். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், "மார்க் நல்லாத்தான் இருக்கு, ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கிறான். பேச்சுப் போட்டியில சேத்து விடுங்க, கூச்சம் போயிடும்" என்கிறார்கள். சேர்க்கலாமா டீச்சர்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவனைக் கேளுங்கள் அம்மா. அவனே ஆசைப்பட்டால் தாராளமாகச் சேருங்கள். கூச்சம் போகட்டும் என்று நாம் பிடித்துத் தள்ளினால், நடுவில் வரி மறந்து மேடையில் நின்றதுதான் அவன் மனதில் தங்கும். பேச்சுப் போட்டியில் பெரும்பாலும் யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். "சார், இந்த வரி புரியல" என்று வகுப்பில் கேட்பது வேறு பழக்கம். உங்கள் பையனுக்கு அதுதான் வேண்டும்.

வளர்ப்பில் ஏதோ குறை வைத்துவிட்டோமோ என்று நீங்கள் வருந்துவது கடிதத்தில் தெரிகிறது. வருந்தாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர், நான்கு மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதுப் பொம்மை, புதுக் குரல், புது வாசனை என்று காட்டிப் பார்த்தார். ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதைத்துக்கொண்டு அழுதது. வளர வளர அப்படிப்பட்டவர்களில் பலர் புது இடத்தில் ஒதுங்கி நின்று, பார்த்துப் பழகிய பிறகே பேசுகிறவர்களாக இருந்தார்கள். பிறவிச் சுபாவத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

அடுத்த கூட்டத்தில் ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நாளைக்கு உன்னை இந்தக் கேள்வி கேட்பேன்னு முந்தின நாளே அவன்கிட்ட சொல்லிடுங்க சார்." பெரும்பாலான அமைதியான பிள்ளைகளுக்கு இந்த முன்னறிவிப்பே போதும். அப்புறம், சொந்தக்காரர்கள் வந்திருக்கும்போது அவன் காதுபட "இவன் யார்கிட்டயும் பேச மாட்டான்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை நம்பிவிடுவார்கள்.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் இந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பில் எந்தக் கேள்வி கேட்டாலும் அதே நாலைந்து பேர்தான் கை தூக்குகிறார்கள். பின்னால் இருக்கும் அமைதியான பிள்ளைகளுக்குத் தெரிகிறதா இல்லையா என்றே புரியவில்லை. அவர்களைப் பேச வைக்க நின்றால் பாடம் முடியாது. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதற்கே உங்களை வாழ்த்துகிறேன் மகளே. அமைதியான பிள்ளை தொந்தரவு தருவதில்லை என்பதால் அவளை யாரும் கவனிப்பதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்று பழக்குகிறோம். பேசுகிறவன் பெயரை லீடரை விட்டுப் பலகையில் எழுத வைக்கிறோம். சொன்னபடி கேட்ட பிள்ளையை எட்டாம் வகுப்பில் நிறுத்தி, ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

முதலில், கேள்வி கேட்டதும் பொறுத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஒரு பாடவேளையில் பத்துக் கேள்வி கேட்டாலும் மொத்தத்தில் அரை நிமிடம்தான் கூடும். பாடம் அதனால் நின்றுவிடாது. கை தூக்கியவர்களிடம் "கொஞ்சம் இரு, எல்லாரும் யோசிக்கட்டும்" என்று சொல்லுங்கள்.

அடுத்தது, எழுத வையுங்கள். கேள்வியைக் கேட்டு, எல்லோரும் ரஃப் நோட்டில் ஒரு வரி எழுதட்டும். நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து படித்துக்கொண்டே போங்கள். மழைக்கு முன்னால் ஏன் இப்படிப் புழுங்குகிறது என்று ஒரு முறை கேட்டேன். முன்வரிசை "சூடு, டீச்சர்" என்று கத்தியது. வருடம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண் நோட்டில், "காத்துலயே ஈரம் நெறஞ்சு இருக்கு, வேர்வை காய எடமில்ல" என்று எழுதியிருந்தாள். பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக இருக்காது. "இதை நான் படிக்கட்டுமா?" என்று குனிந்து மெல்லக் கேட்டேன். தலையாட்டினாள். பெயரைச் சொல்லாமல் படித்துவிட்டு அதை வைத்தே மீதிப் பாடத்தை நடத்தினேன். அந்தப் பெண் அதன் பிறகும் வகுப்பில் அதிகம் பேசவில்லை. ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஆசிரியருக்கு வேண்டியது அதுதானே?

எழுதியதைப் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லச் சொல்லுங்கள். ஒருத்தியிடம் சொல்லிப் பார்த்த பதிலை நாற்பது பேர் முன்னால் சொல்வது எளிது. வகுப்பு முழுவதும் கோரஸாக "ஆமாம் டீச்சர்" என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது அந்தச் சத்தத்தில் தெரியாமல் போய்விடும்.

இரண்டு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. சேட்டை செய்யும் இரண்டு பையன்களுக்கு நடுவே அமைதியான பிள்ளையைத் தடுப்புச் சுவர் மாதிரி உட்கார வைப்பது ஒன்று. அவன் படிக்க வந்தவன், அவர்களை அடக்க வந்தவன் இல்லை. இன்னொன்று, குழுச் செயல்பாடு என்றாலே கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சார்ட் எழுதும் வேலையைத் தொடர்ந்து அமைதியான பெண் பிள்ளைகளிடமே தள்ளிவிடுவது. மற்றவர்கள் யோசிப்பார்கள், இவள் எழுதிக்கொண்டே இருப்பாள். வேலையைச் சுழற்சியில் விடுங்கள். குழுவும் நாலு பேருக்கு மேல் வேண்டாம்.

மதிப்பெண்ணிலும் உங்கள் கையில் அதிகாரம் இருக்கிறது. வளரறி மதிப்பீட்டுக்கான, அதாவது பருவத் தேர்வு தவிரப் பாடம் நடக்கும்போதே போடும் 40 மதிப்பெண்ணில் செயல்பாடுகளுக்கு 20 உண்டே, அதை முழுக்க வாய்ப்பேச்சுக்கே கொடுக்காதீர்கள். மாதிரி செய்வது, சோதனை செய்து குறிப்பெடுப்பது, படம் வரைந்து பாகம் குறிப்பது எல்லாம் செயல்பாடுதான்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் மதிய இடைவேளையில் தனியாக உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாளாம். கவலைப்பட வேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: சாப்பாட்டை யாருடன் சாப்பிடுகிறாள் என்று கேட்டுப் பாருங்கள் ஐயா. ஒரே ஒரு தோழி இருந்தாலும் போதும், படிக்கட்டும். முன்பு கூட்டமாக இருந்தவள் இப்போது திடீரென்று தனியாகிவிட்டாள் என்றால், பள்ளிக்குப் போகவே தயங்குகிறாள் என்றால், அது சுபாவம் இல்லை. யாரோ கேலி செய்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். அம்மாவை விட்டு மெல்லக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேத்தி யு.கே.ஜி. வீட்டில் கலகலவென்று பேசுகிறாள். பள்ளியில் ஆறு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்ரூம் போக வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை. "திமிர்" என்கிறார்கள் பள்ளியில்.
– பாட்டி, தஞ்சாவூர்

பதில்: திமிர் இல்லை அம்மா, பயம். பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் பல குழந்தைகள் பேசாமல் இருப்பது வழக்கம். அதைத் தாண்டியும் ஓரிடத்தில் பேசி, இன்னோர் இடத்தில் பேசவே முடியாமல் போனால் அதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். மருத்துவர்கள் இதைப் பதற்றக் கோளாறுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். இது சரியாகக்கூடியது, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. குழந்தை மருத்துவரிடம் காட்டி, முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்து, பிறகு குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கத் தனி மையம் உண்டு. டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம்) என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

அதுவரை பள்ளியில் யாரும் "பேசினால் சாக்லேட்" என்று சொல்ல வேண்டாம், அதட்டவும் வேண்டாம். பாத்ரூமுக்கு ஒரு அட்டையோ சைகையோ நாளைக்கே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், அதற்குக் காத்திருக்க முடியாது. பள்ளி விட்ட பிறகு, காலி வகுப்பறையில் அவள் அம்மா அவளோடு உட்கார்ந்து விளையாடட்டும். அங்கே அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள் என்றால், மிஸ் வாசலில் வந்து நிற்கலாம். சில நாள் கழித்து கொஞ்சம் உள்ளே வந்து உட்காரலாம். குழந்தை எவ்வளவு தாங்குகிறாளோ அவ்வளவுதான் நெருங்க வேண்டும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். பிராக்டிகலில் வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலும் வருவதில்லை. நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்ய?
– மாணவன், ராமநாதபுரம்

பதில்: தம்பி, மனதுக்குள் படித்தது வாய்க்கு வராது. வாய்விட்டுச் சொல்லிப் பழகு. அதுவும் லேபில், கருவிக்குப் பக்கத்தில் நின்று. நண்பன் ஒருவன் எக்ஸ்டர்னலாக இருக்கட்டும். வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு, அதாவது அதில் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, என்ன என்று அவன் கேட்கட்டும். நீ கருவியைக் கையில் எடுத்து, கோடுகளைக் காட்டிக்கொண்டே 0.01 செ.மீ. என்று சொல். கைக்கு ஒரு வேலை இருந்தால் குரல் தானாக நிதானப்படும். ஒளியியல் கேள்வி வந்தால், "வரைஞ்சு காட்டட்டுமா சார்?" என்று கேள், பெரும்பாலும் விடுவார்கள். ஒன்றும் தோன்றவில்லை என்றால், "ஒரு நிமிஷம் சார், யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் நூறு தடவை சத்தமாகச் சொல்லி வைத்துக்கொள். உங்கள் இயற்பியல் ஆசிரியரிடமும் முன்கூட்டியே போய்ச் சொல்லு, பேசத் தயக்கமாக இருந்தால் எழுதியே கொடு. மாதிரித் தேர்வில் உன்னைக் கூடுதலாக ஒரு தடவை நிறுத்திக் கேட்பார்.